ரகசியம் சித்தப்பாவின் இடது காது

எங்கள் சித்தப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் ரகசியம். எதைச் சொன்னாலும் காதோடு காதாகச் சொல்வதுபோலத்தான் பேசுவார். "செயின் தளர்ந்திருக்கு" என்பதைக்கூட வெளியே தெரியக்கூடாத குடும்ப விஷயம் மாதிரி, ஆளைப் பக்கத்தில் இழுத்து மெல்லச் சொல்வார். புதிதாக வண்டி கொண்டுவந்தவர்கள் மிரண்டுபோய், "ரொம்பப் பெரிய பிரச்சினையாண்ணே?" என்று தாங்களும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அது அவருக்குக் கேட்காது. ஆனாலும் தலையை ஆட்டிவைப்பார். வந்தவர் இன்னும் மிரண்டுபோவார்.

கேட்காது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது அது யாருக்கும் தெரியாது. அவருக்கே பாதிதான் தெரிந்திருந்தது.

சித்தப்பா பைக் மெக்கானிக். எல்லா வண்டியையும் தொடுவார் என்றாலும் அவர் கை பேர் வாங்கியது க்ரூசர்களில்தான். தாழ்ந்த சீட், மாட்டுக் கொம்புபோல அகன்ற ஹேண்டில், காலை முன்னால் நீட்டி வைக்க இடம், எங்கே குனிந்தாலும் நம் முகத்தையே காட்டும் குரோமியம் என்று பழைய பாணியில் செய்த கனத்த வண்டிகள். அவற்றை வைத்திருப்பவர்கள் ஒரு தனி இனம். வண்டி லேசாகத் தும்மினால் இவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும். "ஏதோ ஒரு சத்தம் வருதுண்ணே, என்னன்னு சொல்லத் தெரியல" என்று வந்து நிற்பார்கள்.

சித்தப்பா ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். எஞ்சினை ஓடவிட்டு, அதன் முனையை சிலிண்டர் மேல் வைப்பார். மற்ற மெக்கானிக்குகள் பிடியைக் காதுத் துளையில் வைத்துக் கேட்பார்கள். இவர் மட்டும் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்வார். கண்ணை மூடி அங்கே வைத்து, இங்கே வைத்து, ஒரு தடவை உதட்டைப் பிதுக்கிவிட்டு, "பின் சிலிண்டர். டாப்பெட்" என்பார். எஞ்சினுக்குள் வால்வைத் தட்டித் திறக்கும் இடத்தில் மயிரிழை இடைவெளி ஒன்று விட்டிருப்பார்கள். அது கூடிப்போனால் டிக் டிக்கென்று தட்டும், குறைந்துபோனால் வால்வு கருகும். சித்தப்பா மூடியைத் திறந்து பார்த்தால் அவர் சொன்ன இடத்தில்தான் இடைவெளி கூடியிருக்கும்.

அவருடைய பழைய கடை தகரம் வெட்டும் பட்டறைக்கும் டயர்க் கடைக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் தகரம் கிழியும், மறுபக்கம் கம்ப்ரஸர் இரையும். வருகிறவர்கள் எல்லோரும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவார்கள். அந்த இரைச்சலில் சித்தப்பா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுப் பதில் சொல்வார்.

வீட்டில்தான் தகராறு. சித்தி தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, பேன்ட் மடிப்பு என்று எப்போதும் மெஷினில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பேசுவாள். "ஏங்க, குழாய் சொட்டுது பாருங்க." சித்தப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "ஏங்க." பேப்பரின் அடுத்த பக்கம் திரும்பும்.

சித்தி நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் அம்மா அவளுடைய அக்கா. நான் அடுத்த தெரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு நான் வரும் நேரமும் சித்தி வழக்கைத் தாக்கல் செய்யும் நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

"கடையில போய்ப் பாருடி. தகரம் கிழியுற சத்தத்துல ஒருத்தன் கார்பரேட்டர்னு முனகினாப் போதும், டக்குனு திரும்புறாரு. இங்க ஊசி விழுந்தாக் கேக்கும், அவ்வளவு அமைதி. நான் பக்கத்துல நின்னு கூப்பிடுறேன், மனுஷன் நிமிர மாட்டேங்குறாரு. இதுக்கு என்ன பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தீர்ப்பையும் சொல்லிவிடுவாள். "திமிரு."

அம்மா சமாதானமாக, "கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னுமா நீ பேசுறதையெல்லாம் கேக்கணும்?" என்பாள். சித்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். விளையாட்டாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் ஊரில் எல்லோருக்கும் காது கொடுக்கிற மனிதர் தனக்கு மட்டும் கொடுப்பதில்லை என்பது அவள் மனதில் முள்ளாகவே கிடந்தது.

சாலையை அகலப்படுத்தப் பழைய கட்டடத்தை இடித்தார்கள். சித்திதான் அலைந்து திரிந்து புது இடம் பிடித்தாள். நூலகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் நல்ல உயரமான ஷெட் ஒன்று. முன்பாதி சித்தப்பாவின் வண்டிகளுக்கு, பின்பாதி சித்தியின் மெஷினுக்கு, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. வெளிச்சமும் காற்றும் தாராளமாக இருந்தன. "இனிமேலாவது மனுஷங்க மாதிரி பேசலாம்" என்று சித்தி சந்தோஷப்பட்டாள்.

சித்தப்பா அங்கே போனதிலிருந்து வாடிப்போனார். சீட்டை இறக்கச் சொன்னவருக்கு ஹேண்டிலை இறக்கிவைத்தார். பின் விளக்கு எரியவில்லை என்று சொன்னவர் திரும்பி வந்தபோது ஹாரன் பளிச்சென்று வேலை செய்தது. பிறகு அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். ஆள் உள்ளே நுழைந்ததும், பக்கத்தில் நிற்கிற ஏதாவது ஒரு வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்துவிடுவார். அது இரைய ஆரம்பித்ததும் வந்தவர் கத்த வேண்டியிருக்கும். சித்தப்பா நிம்மதியாகக் கேட்டுக்கொள்வார். ஆள் போனதும் அணைத்துவிடுவார்.

நூலகர் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "வேலைக்கு ஓட்டுனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஆள் வந்தா ஓட்டுறீங்க, போனா நிறுத்துறீங்க. இது என்ன வரவேற்பு மேளமா?"

சித்தப்பா இந்தத் தந்திரத்தையும் விட்டுவிட்டார். அதற்கப்புறம் யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்படித் தலையாட்டிய ஒரு காலையில்தான் முடிதிருத்தும் கடைக்காரர் தன் க்ரூசரைக் கொண்டுவந்தார். அரக்கு நிறத்தில் இரட்டை சிலிண்டர் வண்டி. நாள் முழுக்கப் பிறத்தியார் காதருகில் நின்று பேசிப் பழகியவர், அதனால் மயிலிறகு மாதிரி இருக்கும் அவர் பேச்சு. சித்தப்பா தரையில் உட்கார்ந்து வேறு ஒரு வண்டியின் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிதிருத்துபவர் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "எஞ்சின்ல டிக் டிக்னு ஒரு சத்தம் வருதுண்ணே. இன்னொண்ணு, சூடானதும் பின் பிரேக் விட்டுடுது. ஆறினா மறுபடி பிடிக்குது. ஓட்டிப் பாக்குறதுன்னா பாத்து."

சித்தப்பா தலையாட்டினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் காலர் தைத்துக்கொண்டிருந்த சித்திக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்துச் சித்தப்பா ஹெல்மெட்டை மாட்டினார். பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் எந்த வண்டியிலும் அவர் ஏறியதில்லை. மிதித்தார், கல்லுபோலப் பிடித்தது. எஞ்சின் ஆறியிருந்தது அல்லவா? கிளம்பிவிட்டார். வண்டி வாய்க்கால் பாலத்துக்கு இறங்கும் சரிவின் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் சித்தி மெஷினை விட்டு எழுந்தாள். காலரை வீசிவிட்டு, "ஏங்க! அந்தப் பக்கம் போகாதீங்க! பிரேக்கு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். நூலகத்திலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பவே இல்லை.

பெரிய சுற்றாகச் சுற்றிவிட்டு அவர் சரிவில் இறங்கியபோது எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது. அந்த மாதிரி நீள வண்டிகளில் பாதிக்கு மேல் பாரம் பின்சக்கரத்தின் மேல்தான், நிறுத்துவதும் பெரும்பாலும் பின் பிரேக்தான். மிதித்தார். பெடல் வெண்ணெயில் கால் வைத்ததுபோல உள்ளே போனது. எதிரே பாலத்தில் இரண்டு சைக்கிள்காரர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். முன் பிரேக்கை மெல்லப் பிடித்து, கியரைக் குறைத்து, கட்டட வேலைக்காக ஓரத்தில் கொட்டியிருந்த மணல் குவியலைக் குறிவைத்து வண்டியை விட்டார்.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை அந்தச் சரிவில்தான் இருக்கிறது. நான் பஞ்சும் மருந்துமாக ஓடினேன். எனக்கு முன்னாலேயே சித்தி வந்து நின்றாள், மூச்சு இரைக்க, கழுத்தில் அளவு நாடா தொங்க. சித்தப்பா மணலில் காலை நீட்டி உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி பக்கத்தில் எருமைபோலச் சாய்ந்து கிடந்தது. ஒரு கண்ணாடி போயிருந்தது, வேறொன்றும் இல்லை.

சித்தி அவர் எதிரே மண்டியிட்டாள். "நான் கத்தினேனே, கேக்கலையா?"

சித்தப்பா அவள் வாயையே பார்த்தார். "இல்ல."

"சூடானா பிரேக் பிடிக்காதுன்னு அவர் சொன்னாரே?"

"சொன்னாரா?"

சித்தி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ இத்தனை வருஷமா நான் சொன்னதெல்லாம்?"

அவர் உண்மையைச் சொன்னார். "பாதி கேட்டிருக்கும்."

"எந்தப் பாதி?"

"அது கேட்டாத்தானே தெரியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சித்தி சிரிக்கவில்லை. அவர் சட்டையிலிருந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள், தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகும்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன் நான், உரக்க.

"காது கேக்காத மெக்கானிக்கிட்ட யார் வண்டி விடுவாங்க?" என்றார் சித்தப்பா. வழக்கம்போல ரகசியமாகத்தான் சொன்னார்.

மறு வாரம் காது டாக்டரிடம் அழைத்துப்போனோம். டாக்டரம்மா இரண்டு பல் முள்கரண்டி மாதிரி ஓர் உலோகக் கவையைத் தட்டி அவர் காதருகே பிடித்தார். "கேக்குதா?" சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "இப்ப ஜோரா கேக்குது. நான் தினமும் ஸ்க்ரூடிரைவரை இங்கதான் வெப்பேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒரு படத்தை எடுத்துவைத்துப் பொறுமையாகச் சொன்னார். காதுக்குள்ளே அரிசியை விடச் சின்ன எலும்பு ஒன்று இருக்கிறது, சத்தம் வரும்போது அது ஆட வேண்டும். இவருக்கு அது இறுகிப்போயிருக்கிறது. அதனால் காற்று வழியாக வரும் சத்தம் உள்ளே போகாது, எலும்பு வழியாக வருவது போகும். தன் குரல் தனக்கே மண்டைக்குள் பெரிதாகக் கேட்பதால் இப்படிப்பட்டவர்கள் மெல்லப் பேசுவார்கள். இரைச்சலான இடத்தில் எதிராளி கத்துவான், அந்த இரைச்சல் இவர்களைத் தொந்தரவு செய்யாது, ஆகவே அங்கே நன்றாகக் கேட்கும். அமைதியான இடத்தில்தான் கஷ்டம்.

"ஜாமாயிருக்கு, அவ்வளவுதானே?" என்றார் சித்தப்பா. "கழட்டி மாட்டலாமா?"

"மாட்டலாம். முதல்ல இடது காது, அதுதான் மோசமா இருக்கு."

சித்தி மெதுவாகக் கேட்டாள். "அப்போ கடையில கேட்டது, வீட்ல கேக்காம இருந்தது... அது வேணும்னு செஞ்சதில்லையா டாக்டர்?"

"இல்லம்மா. அவர் நினைச்சாலும் கேட்டிருக்காது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும் இடம் நெருங்கியபோது என் கையைப் பிடித்து, "இத்தனை வருஷக் கோவத்தை இப்ப நான் எங்கடி கொண்டுபோய் வெப்பேன்?" என்றாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. காதில் பஞ்சு அடைத்து அனுப்பினார்கள். கனம் தூக்கக்கூடாது, முக்கித் திருகக்கூடாது, பக்கத்தில் எஞ்சின் ஓடக்கூடாது, சில வாரங்களுக்கு வண்டி ஓட்டவே கூடாது. முடிதிருத்துபவரின் அரக்கு நிற க்ரூசர் ஷெட்டில் அப்படியே நின்றது. "வேற எங்கயாவது காட்டுங்க" என்று சித்தப்பா கெஞ்சினார். மனிதர் கேட்கவில்லை. "நான் மெல்லப் பேசினதாலதானே விழுந்தீங்க. நீங்களே பண்ணுங்கண்ணே, எப்ப ஆனாலும் சரி" என்று சைக்கிளில் கடைக்குப் போய்வந்தார்.

அந்த வண்டியைச் சித்திதான் செய்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் சீருடைகளை ஓரமாக மடித்துவைத்துவிட்டு, பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, "எதைக் கழட்டணும்?" என்று கேட்டாள்.

சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். ஒரு காதில் பஞ்சு, மற்றக் காது ஏற்கெனவே மந்தம். ஆகவே இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். அவர் விரலைக் காட்டினால் அந்த ஸ்பேனர். தலையாட்டினால் சரி. கண்ணை மூடிக்கொண்டால் கெட்டது குடி.

பின் பிரேக் பெடலோடு சேர்ந்த சின்ன சிலிண்டரைக் கழற்றியபோது குற்றவாளி கிடைத்தான். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. ஆறியிருக்கும்போது எண்ணெயைத் தாங்கிப் பிடிக்கும், சூடானதும் விட்டுவிடும். புது வளையம் போட்டார்கள். அடுத்து, குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அது இரண்டு பேர் வேலை. ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் பின்சக்கரத்தருகே மூக்கு மாதிரி இருக்கும் சின்னத் திருகைத் திறந்து, எண்ணெயோடு குமிழி வந்ததும் மூட வேண்டும். மூடுவதற்கு முன் பெடலை விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். சித்தப்பா கையால் பெடலை அமுக்கினார். சித்தி மூக்கைத் திறந்தாள், மூடினாள், அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் விட்டார். நான் டீ கொண்டுபோனபோது இதுதான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. அமுக்கல், குமிழி, தட்டு. அவ்வளவு நேரம் அவர்கள் சண்டை போடாமல் ஒரே இடத்தில் இருந்து நான் பார்த்ததே இல்லை.

டாப்பெட்தான் அவர் பயந்த வேலை. எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்த இடைவெளியில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் செருகி இழுத்துப் பார்க்க வேண்டும். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தாலும் தப்பு, இறுகி நின்றாலும் தப்பு. அந்தப் பதத்தை எப்படிக் கையால் காட்டுவது? சித்தப்பா திணறினார். சித்தி தகட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "மெஷின்ல பிரஷர் ஃபுட்டை லேசா இறக்கி வெச்சு, துணியை இழுத்தா வரும்ல, அந்த மாதிரியா?" என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாள். அவருக்கு உதடு புரிந்தது. ஆனால் தையல் மெஷினில் அவர் துணி இழுத்ததில்லை. எழுந்துபோய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "அதேதான்" என்றார்.

பஞ்சை எடுக்கும் நாளில் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா மெல்ல மெல்ல உருவி எடுத்தார். சித்தப்பா அசையாமல் இருந்தார். பிறகு கண்ணை உயர்த்திக் கூரையைப் பார்த்தார்.

"அந்த ஃபேன்ல பேரிங் போயிருக்கு" என்றார்.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். சித்தி அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாளெல்லாம் அவரிடம் முதலில் என்ன சொல்வது என்று என்னோடு ஒத்திகை பார்த்திருந்தாள். பெரிய வசனமே தயாராக இருந்தது. இப்போது, முணுமுணுப்பை விடக் குறைந்த குரலில், "ஏங்க" என்றாள்.

சித்தப்பா திரும்பினார்.

சித்திக்கு வசனம் மறந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "என்ன, சொல்லு" என்று அவர் கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். அதுவும் அவருக்குக் கேட்டது.

பிறகு வீட்டில் வேறு விதமான சண்டைகள் வந்தன. நினைப்பதைப் பாதி வெளியே முணுமுணுத்துவிடுவது சித்தியின் பழக்கம். "வந்துட்டாரு, கை கழுவாம டவலைத் தொடப் போறாரு" என்று அவள் அடுப்படியில் முனகினால், முன்னறையிலிருந்து "கழுவிட்டேன்" என்று பதில் வந்தது. "சொந்த வீட்ல முணுமுணுக்கக்கூட வழியில்லாமப் போச்சுடி" என்று எங்கள் வீட்டுக்கு வந்து புது வழக்குப் போட்டாள். சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

டாக்டர் அனுமதி கொடுத்த அன்று முடிதிருத்துபவர் வந்தார். சித்தப்பா அரக்கு நிற க்ரூசரைத் தெருவுக்குத் தள்ளிவந்து எஞ்சினைப் போட்டார். டிக் டிக் இல்லை. ஸ்டாண்டில் நிறுத்தி நன்றாகச் சூடாக்கிப் பெடலை மிதித்தார். கல்லுபோல நின்றது.

"ஒரு ரவுண்ட் போயிட்டு வந்து தரேன்."

"அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போங்கண்ணே. பிரேக் அவங்க பண்ணதுதானே, அவங்களும் பாக்கட்டும்" என்றார் அவர். இந்தத் தடவை நன்றாக உரக்கச் சொன்னார். நூலகத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

சித்தி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டாள். வாய்க்கால் சரிவில் இறங்கும்போது, பழக்க தோஷம், அவர் இடது காதுக்கு நேராகக் குனிந்து, "மெதுவா! லெஃப்ட்ல போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாளாம்.

சித்தப்பா வண்டியை அழகாகக் குறைத்து ஓரமாக நிறுத்தி, காதைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாராம். "ஏம்மா இப்படிக் கத்துற? கேக்குது."

"சரி, அப்போ மெதுவாவே சொல்றேன். நூல் கடைக்கு விடுங்க."

"இது அடுத்தவங்க வண்டிம்மா. அவர் அங்க நின்னுக்கிட்டிருப்பாரு."

"சாம்பல் நிற நூல் தீந்துபோச்சு. பக்கத்துலதானே?"

விட்டாராம். அங்கிருந்து, பட்டன் வாங்க இன்னொரு கடை. அப்புறம் ஆற்றோரச் சாலையில் சும்மா ஒரு நீட்டு. அவர்கள் வந்து சேர்ந்தபோது முடிதிருத்துபவர் சித்தியின் ஸ்டூலில் உட்கார்ந்து, தைத்துவைத்த சீருடைகளின் மேல் தலை சாய்த்து, நல்ல தூக்கத்தில் இருந்தார்.